நஞ்சை, நத்தம், தரிசு: ஷரஃபியாவின் ஊதியமும் தமிழக விளைநிலத்தின் மாற்றமும் (1973–2023)

முன்னுரை

குடியிருப்பு, மறுபுதுப்பு ஆற்றல், வேளாண்மை ஆகிய மூன்றும் இன்று பல நாடுகளில் ஒரே நிலத்தின்மீது உரிமை கோருகின்றன. தமிழ்நாட்டில் இப்போட்டியை நகர வளர்ச்சியின் விளைவாகக் காண்பதே ஆய்வாளரிடையே பெருவழக்கு. சென்னை, கோவை போன்ற பெருநகரங்களின் விளிம்புகளுக்கு அவ்விளக்கம் பொருந்தும். இராமநாதபுரம், சிவகங்கை, தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களின் சிற்றூர்களுக்கு அது போதாது. அங்கே பெருநகரம் இல்லை, பெருந்தொழிலும் இல்லை. ஆயினும் வயல்கள் மனைகளாயின. மானாவாரி நிலங்கள் உழவின்றிக் கிடந்தன. அவ்வாறு கிடந்த நிலங்களில் சிலவற்றின்மேல் பின்னர் சூரிய மின் தகடுகள் எழுந்தன.

இம்மாற்றத்தில் பெரிதும் கவனிக்கப்படாத தரப்பினர், ஊரில் இல்லாத நிலவுடைமையாளர். அவர்களுள் பலர் சவூதி அரேபியாவின் ஜித்தா நகரில், ஷரஃபியா போன்ற பகுதிகளில் தம் உழைப்புக் காலத்தைக் கழித்தவர்கள். வளைகுடா ஊதியம் ஊருக்குள் வந்தபோது நீர்ப்பாசன நிலம் மனையானதையும், ஆட்கள் ஊரைவிட்டுச் சென்றபோது மழையை நம்பிய நிலம் தரிசானதையும் ஒரே வரலாற்றின் இரு கூறுகளாக இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்விரு கூறுகளையும் நிலவருவாய்ப் பகுப்புகளும் அந்நியச் செலாவணிச் சட்டமும் எவ்வாறு வடிவமைத்தன என்பது இதன் மையக் கேள்வி.

1. ஷரஃபியா: ஊதியத்தின் ஊற்றிடம்

ஜித்தாவின் பழைய நகரைச் சூழ்ந்திருந்த மதில் 1947இல் இடிக்கப்பட்டது. அதன்பின் நகரம் வடக்கு நோக்கி விரிந்தபோது உருப்பெற்ற குடியிருப்புகளுள் ஷரஃபியாவும் ஒன்று. மக்காவுக்குச் செல்வோரின் துறைமுகமாக ஜித்தா நெடுங்காலம் விளங்கியதால், கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களுக்கு அந்நகரம் முன்பே அறிமுகமானது. அவ்வறிமுகம் பயணத்தோடும் வணிகத்தோடும் நின்றது. பெருந்திரளான உழைப்பாளரை அங்கு ஈர்த்தது 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றமே. துறைமுகம், சாலை, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், மருத்துவமனை எனப் பணிகள் பெருகின. இந்தியாவிலிருந்து செல்வோரின் எண்ணிக்கை உயர்ந்ததை அடுத்து, அதனை ஒழுங்குபடுத்த 1983இல் குடிபெயர்வுச் சட்டம் இயற்றப்பட்டது. 2015ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிபெயர்வு ஆய்வு, அயல்நாடுகளில் வாழும் தமிழ்நாட்டினரை ஏறத்தாழ 22 லட்சம் எனக் கணித்தது. வளைகுடா நாடுகள் அவர்களது முதன்மையான செல்லிடங்களுள் அடங்கும்.

ஷரஃபியாவின் கடைத்தெருவில் மலையாளப் பெயர்ப்பலகைகளே மிகுதி. தமிழ்ப் பலகைகள் அவற்றினூடே காணப்படும். உணவகம், பயண முகவர் அலுவலகம், சரக்கு அனுப்பும் கடை, பணம் அனுப்பும் நிலையம் ஆகியவை அடுத்தடுத்து அமைந்த இப்பகுதி, வாரவிடுமுறையான வெள்ளிக்கிழமைகளில் தென்னிந்தியத் தொழிலாளர் கூடும் இடமாயிற்று. ஊரில் எந்தத் தெருவில் எந்த மனை விலைக்கு வருகிறது என்ற செய்தியும் இத்தகைய கூடுகைகளில் கைமாறியது. தஞ்சை, இராமநாதபுரம் பகுதி முஸ்லிம்கள் இவ்வாறு சென்றோரைச் ‘சபராளி’ என்று அழைத்தனர். பயணத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த அப்பெயரே, அவர் திரும்பி வருவார் என்னும் எதிர்பார்ப்பையும் தாங்கியிருக்கிறது.

அவ்வெதிர்பார்ப்புக்குச் சட்டக் காரணமும் உண்டு. ஆதரவாளர் முறையான கஃபாலாவின்கீழ் தங்குரிமை வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் குடியுரிமை எட்டாதது. சவூதி அரேபியாவில் 2000ஆம் ஆண்டுச் சட்டம், தங்குரிமை பெற்ற அயல்நாட்டினர் அரசு இசைவுடன் தாம் வாழ வீடு ஒன்றை உடைமையாகக் கொள்ள வழிவகுத்தது. எனினும் சாதாரணத் தொழிலாளியின் ஊதியத்துக்கும் நிலைக்கும் அது எட்டக்கூடியதாக இல்லை. 2017 சூலையில் உடன் வாழும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டு, 2020க்குள் அது 400 ரியாலாக உயர்ந்தது. குடும்பத்தை உடன் வைத்திருந்த சிலரும் இதனால் மனைவி மக்களை ஊருக்கு அனுப்ப நேர்ந்தது. ஆகவே ஜித்தாவில் ஈட்டிய பணம் வீடாக மாறக்கூடிய இடம் தமிழ்நாட்டுச் சிற்றூரே ஆயிற்று. இதனை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குவது பிழை. முதுமைக்கு ஓய்வூதியமில்லாத, வாழும் நாட்டில் நிலைத்திருக்க உரிமையில்லாத ஒருவருக்கு வீடு ஒன்றே உறுதியான சேமிப்பு.

2. நத்தமும் விளைநிலமும்: பழைய பகுப்பு

குடியிருக்கும் நிலத்தையும் விளையும் நிலத்தையும் பிரித்துக் காணும் மரபு தமிழகத்தில் மிகப் பழமையானது. தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுகள், கோயிலுக்கு வரி செலுத்திய ஊர்களின் மொத்தப் பரப்பைக் கூறியபின், வரியிலிருந்து நீக்கப்பட்ட நிலங்களைத் தனித்தனியே எண்ணுகின்றன. ஊர் நத்தம், சேரிகள், குளம், ஊரினூடே செல்லும் வாய்க்கால், கோயில்கள், சுடுகாடு ஆகியவை அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நத்தத்துக்கு எல்லை இருந்தது என்பதும், நீர் செல்லும் வழி தனி நிலமாக அளக்கப்பட்டது என்பதும் இதனால் விளங்கும். சேரி தனியே வைக்கப்பட்டிருந்தது என்பதையும் அதே பட்டியல் காட்டுகிறது. நத்தத்தின் எல்லை நீரைக் காத்தது, சாதியையும் காத்தது.

ஆங்கிலேயர் காலத்து இரயத்துவாரி நிலவரித் திட்டம் இப்பகுப்பை நஞ்சை, புன்செய், நத்தம், புறம்போக்கு, தரிசு எனப் பதிவேட்டில் நிறுத்தியது. இராமநாதபுரம் 1803இல் நிலையான சமீன் ஆக்கப்பட்டதால், அங்கே இரயத்துவாரி முறை 1948ஆம் ஆண்டுச் சென்னை எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னரே முழுமையாக நுழைந்தது. ஒரு தலைமுறைக்கு முன்னர்தான் பட்டா பெற்ற குடும்பங்களிலிருந்தே 1970களில் முதற் சபராளிகள் புறப்பட்டனர். அவர்களுக்குப் பட்டா என்பது மரபுரிமை என்பதைவிட, அண்மையில் கைக்கு வந்த சொத்தே.

3. வயல் மனையான வரலாறு

வளைகுடாப் பணம் முதலில் நத்தத்துக்குள்ளேயே செலவாயிற்று. ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின. கூட்டுக் குடும்பங்கள் பிரிந்து மகன் ஒவ்வொருவருக்கும், முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில் மகள் ஒவ்வொருவருக்கும், தனி வீடு வேண்டப்பட்டபோது நத்தம் போதவில்லை. ஊரை ஒட்டிய நிலம் அடுத்த இலக்காயிற்று. தமிழ் ஊர்களின் அமைப்பில் ஊரை ஒட்டியிருப்பது பெரும்பாலும் கண்மாய் அல்லது ஏரியின் ஆயக்கட்டு. அதாவது நல்ல நஞ்சை. சாலையும் மின்கம்பமும் அருகே இருப்பதால் மனைக்கு ஏற்ற நிலமும் அதுவே. உழவுக்கு உகந்ததும் மனைக்கு உகந்ததும் ஒரே நிலமாக அமைந்ததே இவ்வரலாற்றின் முதல் முரண்.

மனைப்பிரிவு ஒன்று எழுந்தால் அதன் பரப்பளவு மட்டும் வேளாண்மையை விட்டு நீங்குவதில்லை. மண்ணடித்து மேடாக்கப்பட்ட மனைகள் வயலுக்கு வயல் நீர் பாயும் வழியை மறித்தன. வரத்துக் கால்வாய் சாலையாயிற்று. கடைமடை நிலங்கள் நீரிழந்தன. நீரிழந்த வயலை உழுவதைவிட விற்பதே மேல் என்று அதன் உடைமையாளரும் முடிவு செய்தார். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்று மக்கள் வழக்கில் பெயர்பெற்ற இராஜசிங்கமங்கலம் கண்மாயைக் கொண்ட மாவட்டத்தில், வேளாண்மையின் உயிர் மடைகளின் தொடர்ச்சியிலேயே இருந்தது. அத்தொடர்ச்சி மனை மனையாக அறுந்தது.

இவ்விற்பனைகளில் பெரும்பகுதி நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதலின்றி, ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று விளம்பரம் செய்யப்பட்ட மனைகளாகவே நடந்தது. வாங்குவோர் ஜித்தாவிலோ துபாயிலோ இருந்ததால், பொது அதிகார ஆவணம் பெற்ற உறவினரே பத்திரப் பதிவுக்குச் சென்றார். நிலத்தை நேரில் காணாது வாங்கியோர் பலர். விளைநிலங்கள் ஒப்புதலற்ற மனைகளாவதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த நாளுக்கு முன் உருவான மனைகளைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017 மே மாதமே வெளியாயின. மனையான வயல் மீண்டும் வயலாகாது என்பதை அரசு ஏற்றுக்கொண்டது. சேமிப்பு முழுவதையும் அம்மனைகளில் இட்டிருந்த குடும்பங்களைக் கருதினால் அம்முடிவைக் குறைகூறுவது எளிதன்று. ஆயினும் சட்டம் வருமுன் நிலத்தை மாற்றியவர் இழப்பதொன்றுமில்லை என்னும் பாடத்தையும் அது விட்டுச்சென்றது.

4. சட்டம் காட்டிய வழி

சபராளிகள் வயலை வாங்கி உழவில் முதலிட்டிருக்கலாகாதா என்னும் கேள்வி இயல்பாக எழும். அதற்கான விடை பெரும்பாலும் கவனிக்கப்படாத ஒரு விதியில் உள்ளது. 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்கீழ் 2000இல் வகுக்கப்பட்ட விதிமுறைகள், வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் இந்தியாவில் வீடும் மனையும் வாங்கப் பொது இசைவு அளித்தன. விளைநிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை அவ்விசைவிலிருந்து நீக்கின. மரபுரிமையாக வந்த வயலை அவர் வைத்திருக்கலாம்; புதிதாக வாங்க இயலாது. பின்வந்த விதிகளிலும் இந்நிலை தொடர்கிறது.

விளைநிலம் ஊக வணிகப் பொருளாகிவிடக் கூடாது என்பதே இவ்விதியின் நோக்கமாக இருந்திருக்கக்கூடும். நடைமுறையில் விளைவு வேறானது. ஜித்தாவிலிருந்து வந்த பணம் வயலாக வயலை வாங்க முடியாது. அதே வயல் மனையாக மாற்றப்பட்டால் வாங்கலாம். ஊரில் வாழும் பெற்றோர், மனைவி பெயரில் வயல் வாங்கியோர் உண்டு. ஆயினும் தம் பெயரில், தம் வங்கிக் கணக்கிலிருந்து, ஐயத்துக்கு இடமின்றி வாங்க விரும்பியோருக்கு மனை ஒன்றே வாய்த்தது. வயலுக்கும் மனைக்கும் இடையிலான விலை வேறுபாட்டில் வாழ்ந்த தரகு வணிகத்துக்கு இவ்விதி அறியாமலே துணைநின்றது. விளைநிலத்தைக் காக்க எழுந்த தடை, விளைநிலத்தை மாற்றுவதற்கான தூண்டுதலாகவும் அமைந்தது.

5. ‘தரிசு’ என்னும் சொல்லும் கமுதியும்

ஊரை ஒட்டிய நஞ்சை மனையானது ஒருபுறம் இருக்க, ஊருக்கு அப்பாலுள்ள மானாவாரிப் புன்செய் வேறொரு வழியில் மாறியது. ஆண்மக்கள் வளைகுடாவுக்கும் உள்நாட்டு நகரங்களுக்கும் சென்றபின், வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கும் நிலங்களில் உழவு குறைந்தது. கூலி உயர்வு, மழைக்குறைவு, கண்மாய்ப் பராமரிப்பின் சரிவு, சீமைக்கருவேலத்தின் பரவல் ஆகியனவும் இதற்குக் காரணங்கள். ஆள் இன்மை அவற்றுள் ஒன்று. அது மற்றவற்றை விரைவுபடுத்தியது. தமிழ்நாட்டின் நிகர சாகுபடிப் பரப்பு 1970களில் ஏறத்தாழ 60 லட்சம் எக்டேராக இருந்தது. அண்மை ஆண்டுகளில் அது 50 லட்சத்துக்குக் கீழே இறங்கியுள்ளது.

இவ்வாறு உழவின்றிக் கிடந்த நிலத்தைப் புள்ளிவிவரம் எவ்வாறு பெயரிட்டது என்பது வரலாற்றாசிரியர் கருதத்தக்கது. நடப்பு ஆண்டில் மட்டும் விதைக்கப்படாத நிலம் நடப்புத் தரிசு. ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை விதைக்கப்படாதது ஏனைய தரிசு. ஐந்தாண்டுக்கு மேற்பட்டால் சாகுபடிக்கேற்ற தரிசு. ஐந்தாண்டுக்கு மேல் ஜித்தாவில் இருந்துவிட்டுத் திரும்பும் ஒருவரின் புன்செய், மண்ணில் எவ்வித மாற்றமும் இன்றியே, கணக்கில் மூன்று படிகளையும் கடந்திருக்கும். ‘தரிசு’ என்பது மண்ணின் தன்மையைக் குறிப்பதாகத் தோன்றினும், உண்மையில் அது உழவரின் இன்மையைக் குறிக்கும் சொல்லே.

இச்சொல்லுக்கு 2010களில் புதிய விலை ஏற்பட்டது. தமிழ்நாடு சூரிய ஆற்றல் கொள்கை 2012, 2015க்குள் 3,000 மெகாவாட் என்னும் இலக்கை வகுத்தது. மழை குறைந்த, வெயில் மிகுந்த, நிலவிலை தாழ்ந்த இராமநாதபுரம் அதற்கேற்ற மாவட்டமாகக் கருதப்பட்டது. கமுதி அருகே செங்கப்படையில் அதானி குழுமம் அமைத்த 648 மெகாவாட் நிலையம் 2016 செப்டம்பர் 21 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஏறத்தாழ 2,500 ஏக்கர் பரப்பு, 25 லட்சம் தகடுகள், 4,550 கோடி ரூபாய் முதலீடு எனக் கணக்கிடப்பட்ட அந்நிலையம், அக்காலத்தில் ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சூரிய மின் நிலையமாகப் பேசப்பட்டது. மெகாவாட் ஒன்றுக்கு ஏறத்தாழ 4 ஏக்கர் நிலம் தேவைப்பட்டதை இவ்வெண்கள் காட்டுகின்றன. நிலம் தனியார் கிரயத்தின்வழித் திரட்டப்பட்டதால், 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் கோரும் சமூகத் தாக்க மதிப்பீடு இடம்பெறவில்லை. சூரிய ஒளி மின் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் முன் இசைவும் தேவையில்லை. ஆகவே ஊரார் கூடிப் பேசுதற்குரிய பொது விசாரணைக்குச் சட்டத்தில் இடமே இல்லாதிருந்தது.

விற்றவர் விலை பெற்றார். ஊரில் இல்லாத உடைமையாளருக்கு அது நல்ல வாய்ப்பும்கூட. ஆனால் தரிசு என்று எழுதப்பட்ட நிலம் பயனற்று இருந்ததில்லை. மழை வாய்த்த ஆண்டில் அங்கே நெல்லும் மிளகாயும் பருத்தியும் விளைந்தன. இராமநாதபுரம் குண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மழை பொய்த்த ஆண்டில் அது மேய்ச்சல் நிலம். கோடையில் காவிரிப் படுகைக்குச் சென்று அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டு எருவளிக்கும் கீதாரிகளின் ஆடுகள், மழைக்காலத்தில் இத்தரிசுகளையே நம்பித் திரும்பின. கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டோரும், குத்தகைக்கு உழுதோரும் அங்கிருந்து பிழைத்தனர். இவர்களில் எவர் பெயரிலும் பட்டா இல்லை. ஆகவே கிரயத்தில் எவருக்கும் பங்கில்லை.

6. வளைகுடாவின் வேறொரு பாடம்

இதே காலத்தில் சவூதி அரேபியா தன் நிலத்தைப் பற்றி எடுத்த முடிவுகள் ஒப்பிடத்தக்கன. 1970களின் இறுதியில் அந்நாடு கோதுமையில் தன்னிறைவு பெற முனைந்து, ஆழ்நிலத்தடி நீரை இறைத்துப் பாலைவனத்தில் பயிரிட்டது. 1990களின் தொடக்கத்தில் விளைச்சல் ஆண்டுக்கு 40 லட்சம் டன் அளவை எட்டியது. மீளப் பெறமுடியாத நீர் அருகியதால், உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலைப் படிப்படியாகக் குறைக்க 2008இல் முடிவெடுத்து, 2016இல் அதனை நிறுத்தியது. இன்று ஜித்தாவுக்குத் தெற்கே ஷுஐபாவில் 2,600 மெகாவாட்டுக்கு மேற்பட்ட சூரிய மின் திட்டம் உருவாகியுள்ளது.

அங்கே தகடுகள் அமைந்த பாலை நிலத்தில் கண்மாயும் இல்லை, பட்டாதாரரும் இல்லை. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நிலவுடைமை 0.75 எக்டேர் மட்டுமே. அந்த அளவில் 2,500 ஏக்கர் என்பது 1,000க்கும் மேற்பட்ட உடைமைகளுக்கு ஈடாகும். பாலையில் எளிதாகத் தோன்றும் தீர்வைச் சிறு உடைமைகளின் நாட்டில் அப்படியே நடுவதற்கில்லை. ஆயினும் சவூதிக் கோதுமையின் வரலாறு ஒன்றை உணர்த்துகிறது: நீரை இழந்தபின் வேளாண்மையை மீட்கப் பணம் மட்டும் போதாது.

7. சமன்செய்யும் முயற்சிகள்

ஷரஃபியாவில் தமிழரின் அண்டை வீட்டாரான மலையாளிகளின் மாநிலம் இச்சிக்கலை முன்னரே சந்தித்தது. 1970களின் நடுவில் ஏறத்தாழ 8.8 லட்சம் எக்டேராக இருந்த கேரளத்தின் நெற்பரப்பு, பின்னர் ஏறத்தாழ 2 லட்சமாகச் சுருங்கியது. 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வயலை நிரப்புவதைத் தடுத்தது. வேறு நிலமில்லாத குடும்பம் தாம் வாழ வீடு கட்ட ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட் வரை விலக்களித்தது. வீட்டுத் தேவையையும் மனை வணிகத்தையும் பிரித்துக் கண்டமையே அச்சட்டத்தின் சிறப்பு.

தமிழ்நாட்டின் 2020ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரிப் படுகையில் எண்ணெய், எரிவாயுத் துரப்பணத்தையும் உருக்காலை முதலிய சில தொழில்களையும் தடை செய்கிறது. வீட்டுமனைப் பிரிவு அத்தடைப் பட்டியலில் இல்லை. நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கான 2017ஆம் ஆண்டு விதிகளும், ஆட்சியரின் முன் இசைவு என்னும் கூடுதல் காப்பை நஞ்சைக்கே அளிக்கின்றன. மானாவாரிப் புன்செய் இரு சட்டங்களின் பார்வையிலும் குறைந்த மதிப்பினதாகவே நிற்கிறது.

மறுபுதுப்பு ஆற்றலும் உழவும் ஒரே நிலத்தில் இயலும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுண்டு. 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலை முயற்சி முப்பந்தல், கயத்தாறு பகுதிகளுக்குப் பரவியபோது, கோபுரத்தின் அடியைச் சுற்றி உழவும் மேய்ச்சலும் பல இடங்களில் தொடர்ந்தன. சூரியத் தகடுகளை உயர்த்தி அமைத்து அடியில் பயிரிடும் முறை சப்பானிலும் செருமனியிலும் நடைமுறையில் உள்ளது. சோத்பூரின் மத்திய வறண்ட மண்டல ஆய்வு நிறுவனம் 105 கிலோவாட் அளவில் அதனைச் சோதித்துள்ளது. 2019இல் தொடங்கிய ‘பி.எம். குசும்’ திட்டம், உழவர் தம் நிலத்திலேயே 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை நிலையம் அமைக்கவும், விளைநிலமாயின் தகடுகளை உயர்த்தி நிறுத்தவும் வழிசெய்கிறது. உயர்த்திய அமைப்புக்குச் செலவு மிகுதி என்பது உண்மை. அச்செலவைக் கணக்கிடும்போது, தாழ்ந்த அமைப்பு கீதாரிக்கும் குத்தகை உழவருக்கும் விளைவிக்கும் இழப்பையும் மறுபுறம் எழுதுவதே முறையாகும்.

முடிவுரை

வீடா, மின்சாரமா, வயலா என்று கேட்பது இச்சிக்கலைப் பிழையாக முன்வைப்பதாகும். ஷரஃபியாவில் உழைத்தவரின் குடும்பத்துக்கு மூன்றும் வேண்டும். கடந்த 50 ஆண்டுகளில் எந்த நிலம் எதற்கு என்பதைத் தீர்மானித்தவை மண்ணின் இயல்போ நீரின் போக்கோ அல்ல. பழைய வருவாய்ப் பதிவேட்டின் சொற்களும், செலாவணி விதியின் ஒரு விலக்கும், உடைமையாளர் ஊரில் இல்லாமையுமே அவற்றைத் தீர்மானித்தன.

இவ்வாய்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, தரிசு என்னும் பதிவைக் கொண்டு நிலத்தின் பயனின்மையை உறுதிசெய்ய இயலாது. மேய்ச்சல், குத்தகை, கண்மாய் நீர்வரத்து ஆகியவற்றைத் தனியே ஆராய்ந்த பின்னரே அந்நிலம் மின் திட்டத்துக்கு உரியதெனக் கருதப்படல் வேண்டும். இரண்டாவது, நீர்வழிகளை விலக்கி, சேரியையும் உள்ளடக்கி, ஊர்தோறும் நத்தத்தின் விரிவை முன்கூட்டியே வரையறுத்தால் வீட்டுத் தேவை ஆயக்கட்டைச் சிதைக்காது நிறைவேறும். மூன்றாவது, விற்பனைக்கு மாற்றாக நீண்ட காலக் குத்தகையை ஊக்குவித்தால், வெளிநாட்டில் இருப்பவர் நிலத்தை இழக்காமல் வருவாய் பெறலாம். திரும்பி வருவோருக்கு உழ நிலமும் எஞ்சும். சபராளி திரும்பி வருவார் என்ற எதிர்பார்ப்பிலேயே வீடுகள் கட்டப்பட்டன. அவ்வீடுகளைச் சூழ்ந்த வயல்களும் அதே எதிர்பார்ப்புடன் காக்கப்படுதல் தகும்.